வெள்ளியங்கிரியைப் பிடிங்க!

"வெள்ளியங்கிரியைப் புடிச்சுட்டு வர்ற வரைக்கும் ஒருத்தரும் இந்த ஊட்டுக்குள்ள காலெடுத்து வெக்கப்படாது!"

புது வீட்டு வாசலில் பட்டு வேட்டி சரசரக்கக் கர்ஜித்தார் எக்ஸ்போர்ட் கிட்டுசாமி. பத்து நிமிடத்துக்கு முன்புதான் கதவைச் சாத்திக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அதை வெட்டக் கத்தரியோடு நின்ற வருங்காலச் சம்பந்தி, அவிநாசி மருதாசலம், ஓர் அடி பின்னால் போனார்.

"ஏனுங்க, ஏழரைக்கு நல்ல நேரம் முடியுதுங்க. நாளைக்கு மார்கழி பொறந்துரும். அப்புறம் தை மாசந்தான் பால் காச்சோணும்!" பால் குடத்தோடு நின்ற மனைவி மயிலாத்தாளுக்கு அழுகை முட்டியது.

மணி ஏழு ஐந்து.

"அருளு! கம்பெனி பைக் அத்தனையும் கெளப்புங்கடா! உடுமலை பஸ் ஏறதுக்குள்ள வெள்ளியங்கிரி இங்க இருக்கோணும்!"

சூப்பர்வைசர் அருள்குமார் தலைமையில் ஆறு பைக்குகள் புழுதி கிளப்பிக்கொண்டு பறந்தன. பந்தலுக்குள் பரபரப்பு பற்றிக்கொண்டது.

"நேத்து வரைக்கும் இங்க வாட்ச்மேனா இருந்த ஆளுங்களா? என்னத்த எடுத்துட்டுப் போனான்?"

"பத்துப் பவுனாமுங்க."

பேச்சு பந்தலின் கடைசி நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தபோது அது அறுபது பவுனாகியிருந்தது.

மருதாசலத்துக்கு மட்டும் ஒன்று புரியவில்லை. "ஏனுங்க சம்பந்தி, சிங்கப்பூர்ப் பூட்டுன்னு சொன்னீங்களே? அதைத் தாண்டி எப்படிங்க?"

அந்த நிலையிலும் கிட்டுசாமிக்கு வாய் நிற்கவில்லை. "அதைத் தாண்ட முடியுமுங்களா? சாவியே கிடையாது. சாத்துனாத் தானாப் பூட்டிக்கும். விரல் வெச்சாத்தான் தொறக்கும். அதும் ஓனர் விரலுக்கு மட்டுந்தான்! எம் பொண்டாட்டி வெச்சாக்கூட கொய்யுனு கத்தும். எட்டடிச் செவுரு, நாலு கேமரா, மேல கரண்டுக் கம்பி. ஒரு ஈ பூரோணும்னாலும் எம் பர்மிஷன் வேணுமுங்க."

"அப்புறம் அந்த ஆளை எதுக்குங்க வேலையை உட்டு நிறுத்துனீங்க?"

"இனி யூனிபார்ம் போட்ட செக்யூரிட்டிங்க. உங்களாட்டப் பெரிய மனுசங்க வர்ற கேட்டுல லுங்கி கட்டுனவன் நின்னா நல்லாவா இருக்கும்? காத்தால அஞ்சு மணிக்கே அனுப்பிப்போட்டேன். நாங்க பரம்பரைப் பண்ணையக்காரங்க பாருங்க. சாயப்பட்டறைத் தண்ணி எங்க மேல பட்டதே இல்லீங்க. கம்பெனியிலயும் நமக்கு ஏசி ரூம்தான்."

மணி ஏழு பதினெட்டு. செல்போன் அலறியது.

"மொதலாளி, புடிச்சுட்டோமுங்க! பஸ்ஸுல சன்னலோர சீட்டுல உக்காந்திருந்தானுங்க!"

"அடிச்சுகிடிச்சுப் போடாதீங்கடா! கையில ஒரு கீறல் படக்கூடாது!"

"திருட்டுப் பயலுக்கும் எரக்கப்படறாரு பாருங்க, என்ன மனசு!" என்று ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏழு இருபத்தாறு. இரண்டு பேருக்கு நடுவில் திணிக்கப்பட்டு, பைக்கில் வந்து இறங்கினார் வெள்ளியங்கிரி. கூட்டம் பாய்ந்தது. யாரோ பையைப் பிடுங்கிக் கொட்டினார்கள். இரண்டு லுங்கி, ஒரு தேங்காயெண்ணெய் பாட்டில்.

"நகை எங்கடா?"

"எந்த நகைங்க, சாமி?"

கிட்டுசாமி எல்லோரையும் விலக்கிக்கொண்டு ஓடினார். வெள்ளியங்கிரியின் வலது கையைப் பூப்போலப் பிடித்துக் கதவருகே கூட்டிப்போய், காதில் ஏதோ கிசுகிசுத்தார்.

இருபது வருடம் கம்பெனி வாசலில் நின்று குரல் கொடுத்த தொண்டை. வெள்ளியங்கிரிக்கு மெதுவாகப் பேச வராது.

"இதுக்கா மொதலாளி பைக்குல தூக்கிட்டு வரச் சொன்னீங்க? ஒரு போன் போட்டிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனுங்களா? சாயப்பட்டறை பிளீச்சிங் தொட்டியில கூலிக்கு நின்ன காலத்துலயே உங்க பத்து விரல் ரேகையும் கரைஞ்சுபோச்சு, மிஷின் எடுக்க மாட்டீங்குதுன்னு தானுங்களே பூட்டு மாட்டுன அன்னிக்கு என் விரலைப் பதிய வெச்சீங்க!"

வெள்ளியங்கிரி ரிப்பனுக்குக் கீழே குனிந்து கட்டைவிரலை வைத்தார்.

"வெல்கம், ஓனர்!" என்றது கதவு.