கண் கட்டிய ஆட்டம்

"குதிரை எஃப் ஃபைவ்" என்று அவளுடைய காதில் சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

மூன்றாம் பலகையில் குதிரையே இல்லை. எப்போதோ வெட்டுப்பட்டுவிட்டது.

கண்ணில் கறுப்புத் துணி. முதுகுக்குப் பின்னால் எட்டுச் சதுரங்கப் பலகைகள், எட்டு மாணவர்கள், கல்லூரி அரங்கு நிறைய ஜனம். காய்களைப் பார்க்காமல் மனதிலேயே வைத்து ஆடும் கிராண்ட்மாஸ்டரைப் பார்க்க வந்தவர்கள்.

இல்லாத குதிரையை நகர்த்தினால் சிரிப்பார்கள். சிரித்தால்கூடப் பரவாயில்லை. பரிதாபப்படுவார்கள்.

பக்கத்தில் அவர் மனைவி பூரணி. மாணவர்களின் நகர்வுகளை அவரிடம் சொல்வதும், அவர் தன் காதில் சொல்வதை மைக்கில் அறிவிப்பதும் அவள் வேலை.

மைக் கரகரத்தது.

"மூணாவது போர்டு. யானை டி ஒன்."

கைதட்டல்.

அருமையான நகர்வு. ஞாபகம் பிசகாமல் இருந்திருந்தால் அவரும் அதைத்தான் ஆடியிருப்பார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே சறுக்கிய சத்தமே வெளியே வரவில்லை. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

பிறகு பயமாக இருந்தது.

அவள் தயங்கவே இல்லை. முதல்முறை செய்கிறவளுக்குக் கொஞ்சமாவது குரல் தடுக்கியிருக்கும்.

ஐந்தாம் பலகையில் வேண்டுமென்றே ராணியைக் கொண்டுபோய்ச் சிப்பாயின் வாயில் கொடுக்கும் நகர்வை அவள் காதில் சொன்னார்.

"அஞ்சாவது போர்டு. மந்திரி சி ஃபோர்."

ராணி நகரவே இல்லை. மறுபடியும் கைதட்டல்.

போன வருஷம் மதுரையில் ஆடி முடித்து வந்த அன்று அவள்தான் சொன்னாள். "எதுக்குங்க தொண்டையக் கெடுத்துக்கறீங்க? இனிமே என் காதுல சொன்னாப் போதும்."

அக்கறை என்று நினைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் தோற்கவில்லை. வயதே ஆகாத மூளை என்று பத்திரிகையில் எழுதினார்கள். கத்தரித்து, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டியிருக்கிறார்.

கல்யாணத்துக்கு முன்பு பூரணி மாநில சாம்பியன். ஊர் ஊராக அவரோடு போவதற்காக ஆட்டத்தை விட்டவள். அதை எந்த மேடையிலும் அவர் சொன்னதில்லை. சொல்லத் தோன்றியதும் இல்லை.

கோபமா அவமானமா தெரியவில்லை. துணிக்குள் கண் எரிந்தது.

"ஆறாவது போர்டுங்க," என்று குனிந்தாள். "பையன் ராணிய பி சிக்ஸ் கொண்டாந்திருக்கான்."

அந்தப் பலகை மனதில் தெளிவாகவே இருந்தது. ஜெயிக்கும் நகர்வும் தெரிந்தது.

அவள் காதருகே போனார்.

எந்த நகர்வையும் சொல்லாமல், சத்தமில்லாமல் உதடுகளை மட்டும் அசைத்தார்.

அரங்கு காத்திருந்தது.

மைக்கில் பூரணியின் மூச்சு மட்டும் கேட்டது.