ஆறு வார்னிங்

ஆறு வரிகள். ஆறுக்கும் எதிரே கம்ப்யூட்டர் காட்டிய வார்னிங் ஒன்றுதான்: மதிப்பு எதுவும் போடாமலே இந்த இடத்தை எடுத்துப் பயன்படுத்துகிறாய்.

சௌந்திரத்துக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பும் இதே ஆறையும்தான் அது காட்டியது. வார்னிங்தானே, தப்பு என்றா சொல்கிறது என்று அப்போது தள்ளிவிட்டாள்.

இப்போது பரமத்தி ரோட்டுப் பண்ணையில் பன்னிரண்டாயிரம் முட்டை, விடியற்காலையிலிருந்து திரும்பாமல் கிடக்கிறது.

பொரிப்பு மிஷினில் சூடு, ஈரம், காற்று, தட்டு திருப்புவது என்று நாலு வேலை. எதற்கு எப்போது முறை என்று பார்த்து விடுவது அவள் எழுதிய புரோகிராம். சுவரில் மாட்டிய சின்னப் பெட்டிக்குள் அது இருக்கிறது. மணிக்கொரு தரம் தட்டு சாயாவிட்டால், உள்ளே வளரும் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

சேலத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு அவள் செய்து விற்ற முதல் பெட்டி அது. எண்பத்தொன்பதில் அந்தப் பக்கத்துக்கே அது ஒன்றுதான்.

கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து அவள் உட்கார்ந்திருந்த மிஷின் அறை வாசலில் பண்ணைக்காரர் கந்தப்பன் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. 

“மத்தியானம் வரைக்கும் பாக்கறேன் அம்மிணி. ஆகலீன்னா பொட்டியக் கழட்டி எடுத்துக்குங்க. ஆளுகள வெச்சே திருப்பிக்கறேன்.”

குறை சின்னதுதான். ஒரு வேலை முடிந்து மறுபடி வரிசைக்கு வரும்போது, அது எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று குறிக்க ஓர் இடம் உண்டு. அங்கே முதலில் பூஜ்யம் போட அவள் மறந்திருந்தாள்; அதுபோல இன்னும் ஐந்து இடம். முன்னால் போன வேலை விட்டுச்சென்ற எண்ணைப் பின்னால் வந்த வேலை தன்னுடையது என்று எடுத்துக்கொண்டது. சூடும் காற்றும் மாறி மாறி முந்த, தட்டு கடைசியிலேயே நின்றுவிட்டது.

ஐந்து இடத்தில் பூஜ்யம் போட்டாள். ஆறாவது, வேலை கடைசியாக ஓடிய நேரத்தைக் குறிக்கும் இடம்; அதற்குப் பூஜ்யம் ஒத்து வராது. அங்கே கடிகாரம் அப்போது காட்டும் நேரத்தைப் போட்டாள்.

வார்னிங் ஒன்றுகூட வரவில்லை. அதை மட்டும் நம்பிவிட இந்த முறை அவளுக்கு மனமில்லை. மெமரி முழுக்கக் கண்ட கண்ட எண்களை நிரப்பி, வேண்டுமென்றே ஓடவிட்டுப் பார்த்தாள். நாலு வேலையும் தப்பாமல் முறை வாங்கின.

பதினொன்றேகாலுக்கு, திருத்திய புரோகிராம் ஏற்றிய சிப்போடு பெட்டி ஓடத் தொடங்கியது. தட்டுகள் கிறீச்சென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தன. சௌந்திரத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒன்று மட்டும் உறுத்தியது. பெட்டியைச் சுவிட்சில் அணைத்துப் போட்டால் மெமரி பூஜ்யமாகிவிடும், பழைய எண்கள் மறுபடி சேரும்வரை சில நாள் குறை தலைகாட்டாது. ஆனால் இதற்குப் பாட்டரி உண்டு, கரண்ட் போனாலும் அணையாது. அப்படியானால் இந்தக் குறையோடு இரண்டு மாதம் எப்படி ஓடியது?

அந்த நேரம் விளக்குமாறோடு பழனியம்மாள் உள்ளே வந்தாள். பண்ணையில் கூட்டிப் பெருக்குகிறவள். மகள் பிரசவத்துக்காக மல்லசமுத்திரம் போயிருந்து, எட்டு நாள் கழித்து அப்போதுதான் பஸ் இறங்கியிருந்தாள். நேராகப் பெட்டியிடம் போய்ச் சுவிட்சில் கை வைத்தவள், மூலையில் நின்ற சௌந்திரத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

“ராப்பகலா ஓடுதுங்களே பாவம். எங்கூட்டுக்காரரு லாரி எஞ்சினுக்கு ஓய்வு குடுக்கறாப்ல, தெனமும் கூட்டறப்ப ஒருக்கா அணைச்சுப் போடுவனுங்க சாமி.”

சௌந்திரத்துக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. தன் பெட்டி இரண்டு மாதமாக ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை என்று சேலம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள்.

தட்டு சாயும் சத்தம் கேட்டுக் கந்தப்பன் வந்துவிட்டார். மீதி மூன்று மிஷினுக்கும் பெட்டி செய்ய எத்தனை நாள் ஆகும், இத்தனையையும் கூட இருந்து யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, விளக்குமாறோடு நழுவப் பார்த்த பழனியம்மாளின் கையைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தி, “கூட இருந்து பாத்துக்க இவங்க இருக்காங்க” என்றாள் சௌந்திரம்.