ஓடுபாதையில் மீன் குடல்

யட்டியாந்தோட்டைக்கு மேலே, இறப்பர் மரங்களை வெட்டி அமைத்த சின்ன விமான நிலையத்தில் காகம் விரட்டுவதுதான் பரமசிவத்தின் வேலை. விடிந்தால் ஓடுபாதையெங்கும் அழுகிய மீன் குடல். அதன்மேல் நூறு காகம்.

"எல்லாம் ஒங்க தோட்டத்து லயத்து வீட்டு ஆளுங்க வேலை! சுத்தமே தெரியாத சனம்," என்று காறித் துப்பினார் மேனேஜர் கிருஷ்ணராஜ்.

"எங்க சனத்து மேல பழி போடாதீங்க சேர். ஆளப் புடிச்சு ஒங்க முன்னால நிறுத்துறேன்."

மறுநாள் இருள் பிரியுமுன் புதருக்குள் பதுங்கினான். விளக்கில்லாமல் ஒரு வேன் வந்தது. இறங்கிய ஆள் சாக்கைக் கவிழ்த்தான். பரமசிவம் பாய்ந்து சட்டையைப் பிடித்து, டோர்ச் அடித்தான்.

மேனேஜர்!

"சீ! நீங்களா சேர்?"

"கத்தாதடா. தொறப்பு விழாவுக்கு அப்புறம் இங்க ஒரு பிளேனாவது எறங்கிச்சா? காக்கா இருக்கிற வரைக்கும் 'காக்காத் தொல்லை, அதான் எறங்கல'ன்னு கொழும்புக்கு எழுதலாம். காக்கா போச்சுன்னா, இங்க பிளேன் ஏற ஆளே இல்லன்னு தெரிஞ்சிரும். இழுத்து மூடிருவாங்க. நீயும் நானும் வீட்டுல!"

வெறும் சாக்கை நீட்டினார். "நாளைக்கு நீ போ."

பரமசிவம் மூக்கைப் பொத்திக்கொண்டே அதை வாங்கினான்.

"எந்த மீன் கடை சேர்?"