ஒன்றிலிருந்து ஒன்றரை வரை

"அண்ணே, ஏழாம் நம்பருக்குத் தீனி மாத்திப் போட்டீங்களா?"

டாக்டரம்மா மடிக்கணினியைத் திறந்து என் முன்னால் நீட்டினார். திரையில் இருபத்து நான்கு கோடுகள்.

"இல்லம்மா, பச்சை டின்லேருந்துதான் போட்டேன்," என்றேன். அது உண்மை.

இருபத்து நான்கு கூண்டு, இருபத்து நான்கு சுண்டெலி. பன்னிரண்டுக்குச் சாதாரணத் தீனி, பச்சை டின்னில். மற்றப் பன்னிரண்டுக்குக் கொழுப்புத் தீனி, மஞ்சள் டின்னில். தொட்டால் விரல் பிசுபிசுக்கும். கூண்டுக்கு ஒரு சக்கரம், சக்கரத்துக்கு ஒரு மீட்டர். எது எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்று மீட்டர் எண்ணிக்கொண்டே இருக்கும்.

ஒரு கூண்டில் ஒன்றுதான். இரண்டைப் போட்டால் யார் ஓடியது என்று சக்கரத்துக்குத் தெரியாது.

சுண்டெலிகள் இருட்டில்தான் ஓடும் என்பதால் இந்த ஆராய்ச்சி அறையில் பகலை இரவாக்கி வைத்திருக்கிறோம். ஒரே ஒரு சிவப்பு விளக்கு. பதினோரு வருடமாக நான்தான் இங்கே காவல், சமையல், துப்புரவு எல்லாம். எலிக்காரர் என்று பெயர். அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது.

டாக்டரம்மா கோடுகளைக் காட்டினார். "கொழுப்பு தின்னதுங்க முதல்ல குண்டாகலண்ணே. முதல்ல ஓடுறத நிறுத்துச்சுங்க. அப்புறம்தான் எடை ஏறிச்சு. ஏழுக்குச் சாதாரணத் தீனி, ஆனா அதுவும் இப்படியே உக்காந்திருக்கு. ஒரு வாரம் பாப்போம். சரியாகலேன்னா எடுத்துடலாம்."

எடுத்துவிடுவது என்றால் வேறு வேலைக்கு மாற்றுவது இல்லை.

அவர் போனதும் ஏழாம் கூண்டின் முன்னால் உட்கார்ந்தேன். அது கம்பியோரம் வந்து மூக்கை நீட்டியது.

நான் சொன்னது உண்மைதான். பாதி உண்மை.

கேன்டீனில் நான் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் கை கழுவ எழுந்துவிடுவார். யாரும் முகம் சுளித்ததில்லை, நல்ல மனிதர்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் எலி வாடை போவதில்லை, அதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? அதனால் மூன்று மாதமாக ஒரு மணிக்கு இங்கேயே டப்பாவைத் திறந்துகொள்கிறேன். உள்ளே சாப்பிடக் கூடாது என்று கதவில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியதே நான்தான்.

ரொட்டியும், எண்ணெயில் வறுத்த கடலையும். முதல் நாள் ஒரு கடலை கைதவறி ஏழாம் கூண்டுக்குள் விழுந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துத் தின்ற அழகு இருக்கிறதே! மறுநாள் நானே இரண்டு போட்டேன். எனக்கு அது பல்லிடுக்குக்குக் காணாது, அதற்கு விருந்து.

சில நாளில் அது சக்கரத்தை விட்டு இறங்கிவிட்டது. கம்பியோரம் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் கேன்டீன்வரை நடப்பதை விட்டதில் பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போட வேண்டியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகக் கொழுத்தோம்.

எனக்காகத்தான் ஓடாமல் காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பத்தாறு வயதில் இப்படி நினைக்கலாமா என்று கேட்காதீர்கள். நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது.

இப்போது தெரிகிறது, அது பாசம் இல்லை, எண்ணெய். கடலைக் கொழுப்பு உடம்பில் தங்குமுன்பே காலைக் கட்டிப்போட்டிருக்கிறது.

வெட்கமாக இருந்தது. அன்றோடு கடலையை நிறுத்தினேன். ஏழு என்னால் சாகக் கூடாது. ஆனால் சாப்பிடும் இடத்தை மாற்ற மட்டும் மனம் வரவில்லை. வெறும் ரொட்டியோடு அதன் முன்னாலேயே உட்கார்ந்தேன். ஒரு துணுக்குகூடப் போடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வந்தார். ஏழு மறுபடி ஓடுகிறது. எடையும் ஏறவில்லை.

"ஆனா தினமும் ஒண்ணுலேருந்து ஒன்றரை வரைக்கும் மட்டும் சைபர். மீட்டர் கோளாறு போல, மாத்திடுங்கண்ணே. அப்பவும் இப்படியே வந்தா ஏழ வச்சுக்க முடியாது."

திரையைப் பார்த்தேன். காலையெல்லாம் ஏறி இறங்கிய கோடு அந்த அரை மணி நேரம் மட்டும் தரையில் படுத்திருந்தது. திங்கள் முதல் ஐந்து நாளும். கடலை இல்லாத ஐந்து நாளும்.

அந்த நேரத்தில் அதன் முன்னால் இருந்தது நானும் என் வெறும் ரொட்டியும்தான்.

"மாத்திடுறேம்மா," என்றேன்.

ஒரு நல்ல மீட்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல மீட்டரை மாட்டினேன்.

திங்கட்கிழமை ஒரு மணிக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். எதிரில் இருந்தவர் கை கழுவ எழுந்தார். ஒன்றரை அடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். செவ்வாயும் போனேன். புதனும், வியாழனும்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா கோட்டை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். திங்கள் சைபர். செவ்வாய் சைபர். புதன் சைபர். வியாழன் அந்த அரை மணி நேரமும் ஓடியிருக்கிறது.

"புது மீட்டர் செட்டாக மூணு நாள் ஆயிருக்கு, பாத்தீங்களா? இனி ஏழப் பத்திக் கவலையில்ல."

"ஆமாம்மா," என்றேன். "மூணு நாள் ஆயிருக்கு."

மணி ஒன்றாகியிருந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

உள்ளே ஏழாம் சக்கரம் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.