இரண்டாவது பட்டை

பள்ளிக்கூட மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மேலகரத்தில் வேனை ஓரங்கட்டிவிட்டு ஒரு கேலக்ஸியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். என் மகள் சஃப்ரின் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். வானத்துப் படங்கள் வரும் ஒரு தளத்தைச் செல்போனில் போட்டுக் கொடுத்தது அவள்தான். சுருள் வடிவ கேலக்ஸியின் நடுவில் பட்டை இருக்கிறதா, இல்லையா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரே படத்தை உலகத்தில் நாற்பது பேர் பார்ப்பார்களாம். அதில் ஒருவன் வேன் ஓட்டுகிற துல்கர்னைன்.

பதினாறு வருஷம் ரியாத்தில் டிரெய்லர் ஓட்டிய கண் இது. சர்க்கரை இருக்கிறதே, கண்ணை ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்களேன் என்று மனைவி பர்சானா சொன்னபோதும் இதையேதான் சொன்னேன்.

இன்றைய கேலக்ஸி வடக்கு வானத்தில் எங்கோ தொலைவில் இருக்கிறது. நிறத்தைத் திருப்பிப் போட்ட படம்; வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக இரண்டு சுருள் கைகள். நடுவில் நெடுக்காக ஒரு பட்டை. அதை வெட்டிக்கொண்டு குறுக்கே மங்கலாக இன்னொன்று.

இரண்டு பட்டை! இதுவரை நான் பார்த்ததே இல்லை. உடனே மகளுக்கு அனுப்பினேன். பேராசிரியர் என் பெயரைக் கேட்பார் என்றெல்லாம் மனசு ஓடியது.

காத்திருந்த நேரத்தில் முன் கண்ணாடியைத் துடைத்தேன். ஒரு மாதமாகச் சாரல். வைப்பர் இழுத்த கோடு குறுக்கே நிற்கிறது என்று போன வாரம்தான் ரப்பரை மாற்றினேன். கோடு போகவில்லை. மெக்கானிக்குக்கு நல்ல திட்டு விழுந்தது.

சஃப்ரின் கூப்பிட்டாள்.

"ஒரு பட்டைதான் இருக்கு வாப்பா. போனச் சாய்ச்சுப் பாருங்க."

சாய்த்தேன். சுருள் கைகள் சாய்ந்தன. நெடுக்காக நின்ற பட்டையும் கூடவே சாய்ந்தது. குறுக்கே கிடந்தது மட்டும் அசையவே இல்லை.

வலது கண்ணைப் பொத்தினேன். அது காணாமல் போனது.

பொத்திய கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தேன். முன் கண்ணாடியிலும் கோடு இல்லை.

ஒரு மாதம். தினமும் பதினெட்டுப் பிள்ளைகள்.

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வருவதற்குள் இறங்கி, அடுத்த வேன் முத்துராமலிங்கம் அண்ணாச்சியிடம் போனேன். இன்றைக்கு இரண்டு நடை அடித்து என் பிள்ளைகளையும் வீட்டில் விட்டுவிடச் சொன்னேன்.

வண்டிக்கு என்ன ஆச்சு என்று என் டயர்களை எட்டிப் பார்த்தார் அவர்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்று சாவியை அவர் கையில் கொடுத்தேன்.