கோத்தகிரிச் செடி

“கைராசி இல்லாதவ தொட்டாச் செடி இப்படித்தானுங்களே மஞ்சளாப் போகும்?”

கேட்டுவிட்டு, குழந்தையம்மாள் ஒரு பழைய தபால் கவரை மேசைமேல் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரே ஓர் இலை விழுந்தது.

இஸ்மத்துக்குச் சிரிப்பு வந்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் நர்சரி ஆரம்பித்து இந்த 1996-ஓடு பதினைந்து வருடம் ஆகிறது. செடிக்கு வைத்தியம் கேட்டு வரும் மாமியார்களில் பாதிப் பேர் மருமகள்மேல் புகார் சொல்லத்தான் வருகிறார்கள். செடி ஒரு சாக்கு.

“யாரு கைங்கம்மா?”

“என்ற மருமவ கைதானுங்க. லோகப்பிரியா. பொறந்த ஊடு கோத்தகிரி. கல்யாணமாகி வரும்போதே தொட்டியோட தூக்கிட்டு வந்தா. அங்க ரோசாக் கலர்ல அப்பிடிப் பூக்குமாமா. எங்கூட்டுக்கு வந்து ஒரு மொட்டுகூட வெக்கலீங்க.”

“அசேலியா” என்றபடி இஸ்மத் இலையை எடுத்தாள். “ஏனுங்கம்மா, சருகாட்டம் இருக்குது? பச்சையா ஒண்ணு பறிச்சிட்டு வந்திருக்கலாமுல்ல?”

“கெடச்சது இதுதானுங்க.”

சரியான கஞ்சம், ஓர் இலை பறிக்கக்கூட மனசு வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள் இஸ்மத். லென்ஸை வைத்து இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பூச்சி இல்லை. பூஞ்சைப் புள்ளியும் இல்லை. மஞ்சளுக்கு நடுவே நரம்புகள் மட்டும் கறுத்து ஓடின.

“தொட்டியில தண்ணி தேங்குமுங்களா?”

“இல்லீங்க. அடியில ஓட்டை இருந்துச்சு.”

“என்ன தண்ணி ஊத்துவீங்க?”

“போர்த் தண்ணிதானுங்க. சிங்காநல்லூர்ல நல்ல தண்ணி ஒரு நாள் உட்டு ஒரு நாள்தான் வருது. சிறுவாணித் தண்ணியப் போயி யாராச்சும் செடிக்கு ஊத்துவாங்களா? அவ ஊத்துவா. குடிக்கிற கொடத்துல ஒரு சொம்பு மோந்துட்டு, பூனையாட்டம் போயி ஊத்திப்போட்டு வருவா. நானே பாத்திருக்கறேன்.”

“ஒரம் ஏதாச்சும்?”

“வெள்ளிக்கெழம தவறாம ரெண்டு கை அடுப்புச் சாம்பல் போடுவேனுங்க. அவரைக்கும் முருங்கைக்கும் அதேதான், காச்சுத் தள்ளுது. இவ என்னடான்னா அந்தச் சாம்பல அள்ளி வெளிய கொட்டிப்போட்டு, டீ வடிகட்டுன தூளக் கொண்டாந்து போடுவா. பெரியவங்க போட்டத அள்ளி வீசுற கை வெளங்குமுங்களா, சொல்லுங்க!”

இஸ்மத் லென்ஸைக் கீழே வைத்தாள். இதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

“தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. செடியக் கெடுத்ததே நீங்கதான்.”

குழந்தையம்மாளின் முகம் சுண்டிப்போனது.

“இது மலைச் செடிங்க. புளிப்பு மண்ணுலதான் வளரும். போர்த் தண்ணியில சுண்ணாம்பு இருக்குது. உங்க பக்கெட்டுல வெள்ளை வெள்ளையாப் படியுமே, அதுதான். சாம்பலுக்கும் அதே குணம். ரெண்டும் சேந்தா மண்ணுல இரும்புச் சத்து இருந்தாலும் செடியால எடுக்க முடியாது. ரத்தம் செத்தவங்களாட்டம் வெளுத்துப்போகும்.”

“அப்ப... அந்தச் சிறுவாணித் தண்ணி?”

“அதுதான் மருந்து.”

“டீத்தூளு?”

“அதும் நல்லதுதான். உங்க மருமக செஞ்சது அத்தனையும் சரி.”

குழந்தையம்மாள் முந்தானையைத் திருகினாள்.

“நல்லாப் பாருங்க கண்ணு. வேற காரணம் ஏதாச்சும் இருக்கும். சில பேர் கையில சூடு இருக்கும்னு சொல்லுவாங்களே...”

“சூடெல்லாம் உங்க சாம்பல்லதான் இருக்குது!” இஸ்மத்துக்கு வாய் அடங்கவில்லை. “செடிய அந்தப் பொண்ணு கையில உட்டுப்போட்டு, நீங்க பேசாம ஒதுங்கி நின்னிருந்தாலே தொட்டி கொள்ளாமப் பூத்திருக்கும்.”

சொன்ன பிறகுதான் அந்த அம்மாளின் கண்கள் கலங்கியிருப்பதைக் கவனித்தாள். பாவமாக இருந்தது. ஒரு சீட்டை எடுத்து மளமளவென்று எழுதினாள்.

“சரி, போனது போகட்டும். நாட்டு மருந்துக் கடையில அன்னபேதின்னு இரும்பு உப்பு இருக்கும், அத வாங்கி ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு சிட்டிகை கலக்கி ஊத்துங்க. காலை வெயில் பட்டாப் போதும். நாளைக்கே தொட்டியக் கொண்டாங்க, நானே மண்ணு மாத்தித் தாரேன். நாப்பது நாள்ல துளிர் உட்டுரும். வரும்போது மருமகளையும் கூட்டிட்டு வாங்க.”

குழந்தையம்மாள் சீட்டை வாங்கவில்லை. இலையைப் பொறுக்கிக் கவருக்குள் போட்டாள். அப்போதுதான் இஸ்மத் அந்தக் கவரைச் சரியாகப் பார்த்தாள். ஸ்டாம்பு ஒட்டியிருந்தது, முத்திரை விழவில்லை. குண்டு குண்டான கையெழுத்தில் இஸ்மத்தின் பெயரும் நர்சரி விலாசமும் எழுதப்பட்டிருந்தன.

“இது எனக்குப் போட்ட கவராச்சே! யாரு எழுதுனது?”

“அவதானுங்க. செடிக்கு என்னன்னு உங்களக் கேக்க இந்த எலைய உள்ள வெச்சிருந்தா. தபால்ல போடறதுக்குள்ள நான் தொட்டியத் தூக்கி ரோட்டுல வீசிட்டேன். ‘உன்ற கை பட்டா இந்த ஊடும் வெளங்காது’ன்னு சொல்லிப்போட்டேன். அன்னைக்கே பஸ் ஏறிப் போயிட்டாளுங்க. ஆறு வருசம் ஆச்சு.”

“இப்ப எங்க இருக்கறாங்க?”

“போன மாசம் காய்ச்சல்ல போயிட்டா. எழவுக்குப் போனப்ப அவங்கம்மா இந்தக் கவரை என்ற கையில குடுத்தாங்க.” குழந்தையம்மாள் எழுந்து கவரை மடியில் செருகிக்கொண்டாள். “அவ கைதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிப்போட்டிருந்தா, இன்னைக்காச்சும் நான் தூங்கியிருப்பேனுங்க கண்ணு.”