பங்க்கில் வானம் பார்ப்பவர்

மருந்து ரெப் அருளப்பனின் பர்ஸில் இரண்டு கிரெடிட் கார்டுகள் குடியிருந்தன. பெட்ரோல் பங்க்கில் அவர் எப்போதும், செலவழிக்கச் செலவழிக்க விமான டிக்கெட்டுக்கு மைல் சேரும் மைல் கார்டைத்தான் நீட்டுவார். நீட்டிவிட்டு, மெல்பர்னில் இருக்கும் மகளை நினைத்து ஒரு தடவை வானத்தை அண்ணாந்து பார்ப்பார்.

ஒருநாள் மைல் கார்டு மனசு பொறுக்காமல் பக்கத்திலிருந்த கேஷ்பேக் கார்டிடம் சொல்லிவிட்டது. “அண்ணே, பெட்ரோல் போட்டா எனக்கு மைலே ஏறாது. பொடி எழுத்துல போட்டிருக்கு. அவர் படிக்கலை.”

“மூணு வருஷமா இதைச் சொல்லாமலா இருந்தே? என்னை நீட்டியிருந்தா டீச்செலவுக்காவது திரும்ப வந்திருக்குமே.”

மைல் கார்டுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த முறை பங்க்கில் அது பர்ஸின் தோலோடு ஒட்டிக்கொண்டு வரவே மறுத்தது. இழுத்துப் பார்த்துவிட்டு அருளப்பன் கேஷ்பேக் கார்டை நீட்டினார். இருபத்தைந்து ரூபாய் திரும்பக் கிடைத்ததாகப் போனில் செய்தி வந்தது. படித்தார், பைக்கைக் கிளப்பினார், போய்விட்டார். வானத்தைப் பார்க்கவில்லை.



“தம்பி,” என்றது பர்ஸுக்குள் திரும்பிய கேஷ்பேக் கார்டு, “அடுத்த தடவை நான் ஒட்டிக்கிறேன். நீயே போ.”